பஸ்மியாவின் கண்ணாடித் துண்டு

எங்கள் குறிஞ்சாக்கேணியில் மரச் சாமான்களுக்கு லாக்கர் என்கிற மினுக்குப் பூச்சு அடிக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. அதை இளக்குகிற தின்னரைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு சொட்டும் கலக்காதவள் பஸ்மியா மட்டும்தான். திருகோணமலை நகரத்துப் பெயின்ற் கடையில் ஆறு வருடம் வேலைக்கு நின்றவள். இப்போது சொந்தமாக ஸ்பிரே வேலை. லாக்கரில் தின்னரைக் கலந்து கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விடுவாள். அது தெளிவாகக் காய்ந்தால்தான் ஸ்பிரே கன்னைக் கையில் எடுப்பாள். பெயின்றுக்கு ஊற்றுகிற டேர்பன்டைனை லாக்கரில் ஊற்றுகிறவனைக் கண்டால் ஏசிக் கிழித்துவிடுவாள்.

நான் மஹ்ரூப், தச்சன். வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும். மகள் றிஷானாவின் கலியாணத்துக்குத் தேக்கில் அலுமாரி செய்தேன்; லாக்கரும் நானே அடிப்பதாக இருந்தேன். மாரி மழை விடவேயில்லை. வழியில் கண்ட பஸ்மியா என் கையிலிருந்த தின்னர் போத்தலைப் பார்த்து நின்றாள். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, இந்த மழைக்குள்ள இது ஏலாது. கெதியா காயிற சாமான். காயேக்குள்ள ஈரத்தை இழுத்து வெளுத்துப்போகும்."

"என்ட மகள்ட அலுமாரிக்கு என்ட கை போதும். நீ உன்ட வேலையைப் பார்," என்றேன். என்ன திமிர் எனக்கு!

அடித்த அன்றே அலுமாரி முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வர இரண்டே நாள். யா அல்லாஹ், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். றிஷானா அழுத முகத்தோடு போய்ப் பஸ்மியாவைக் கூட்டி வந்தாள்.

வந்தவள் குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ தின்னர் ஆவியில் நெருப்புப் பிடிக்கும் என்று முதலில் குசினி அடுப்பை அணைக்கச் சொன்னாள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள்.

"எல்லாத்தையும் சுரண்ட வேண்டியதுதானா, புள்ள?" என்றேன்.

"வேணாம். லாக்கர் தன்ட தின்னருக்குத் திரும்பக் கரையும். மெதுவா காயிற தின்னர் அடிச்சா ஈரம் வெளியேறிடும்."

அந்தத் தின்னரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்தாள். பிறகு அலுமாரியின் பின்பக்க மூலையில் தடவிப் பார்த்தாள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் மட்டும் கன்னைத் தொடவேயில்லை. நான் பொறுமையில்லாமல் முற்றத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன்.

வலது கதவில் மெல்லியதாக ஒரு பூச்சு அடித்தாள். வெள்ளை கலைந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத் தேக்கின் ரேகை வெளியே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் முடியவில்லை.

பஸ்மியா முகமூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். கன்னையும் தந்தாள்.

"இடது கதவை நீங்க அடியுங்க, நானா. மகள்ட அலுமாரி. வாப்பாட கையும் இருக்கோணும்."

கலியாணத்தன்று மாப்பிள்ளையின் வாப்பா கதவைத் தடவி, யார் பொலிஷ் என்று கேட்டார். இரண்டு பெயர் சொன்னேன். பஸ்மியாவின் பெயரைத்தான் முதலில் சொன்னேன்.