கெய்ரோவிலிருந்து வந்த குரல்

பழைய பொருள் கடையில் வால்வு ரேடியோ சூடேறிக் கிளப்பிய தூசிவாசம், என்னை இரண்டாம் உலக யுத்த காலத்து பெங்களூர் அல்சூரில், பக்கத்து வீட்டு சாமுவேல் வாத்தியாரின் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. எகிப்தில் சிப்பாயாக இருந்த அப்பாவின் கடிதம் நின்று இரண்டு மாதமாகியிருந்தது. கெய்ரோ வானொலியில் சிப்பாய்கள் வீட்டுக்குப் பேசும் ஞாயிறு மாலைகளில், இரைச்சலுக்குள் யார் யார் பெயரோ வந்து போக, அம்மா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருப்பாள்.

ஒருநாள் அப்பாவே அம்மாவின் பெயரைச் சொல்லிப் பேசினார். "மேரி, நான் நல்லா இருக்கேன்."

நான் துள்ளினேன். அம்மா வாத்தியாரிடம் கேட்டாள். "இப்பவா சார் பேசுறாரு?"

"இல்லம்மா, முன்னாடியே ரெக்கார்டுல பதிஞ்சதைப் போடறாங்க."

"என்னிக்குப் பதிஞ்சாங்க? கடிதம் நின்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அது அவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் பிடி இன்னும் இறுகியது.

மறு வருஷம் அப்பா ரயிலிலிருந்து இறங்கி என்னைக் கூப்பிட்டார். தொட்டுப் பார்க்கும்வரை அந்தக் குரலை நான் நம்பவில்லை.