காவடிக்குக் கழற்றிய சட்டை

தணிகைமலையானை நம்பி வாழ்கிற உங்கள் எல்லோரிடமும் என் மகளுக்கு நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கோபம் வரும் இடத்தில் கோபத்தோடுதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.கே.பேட்டையில் எங்களுக்குப் பவர்லூம் தறி. என் கணவர் முனிரத்தினம் வேறு யாரோ இல்லை, என் சொந்த அத்தை மகன். பாவா என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிடுகிறேன். நைனாவின், அதாவது என் அப்பாவின், கூடப் பிறந்த அக்காதான் எனக்கு மாமியார். சொந்தத்தில் கட்டிக்கொண்டால் ஒளிவு மறைவு இருக்காது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

எங்கள் ஒரே மகள் தேவிகா. ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய வலது கை மெல்ல மெல்ல வலுவிழந்தது. பேனா நழுவியது. தட்டில் இருக்கும் இட்லியைப் பிட்டுத் தின்னத் திணறினாள். எழுத்து கோணலாகப் போனது. சோம்பேறித்தனம் என்று டீச்சர் சொன்னார், நானும் திட்டினேன். கழுத்து வலிக்கிறது என்று அவள் அழுதபோது தைலம் தேய்த்துவிட்டேன். பக்கத்து டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்ததே தவிர கை தேறவில்லை.

அவள் பிறந்ததிலிருந்தே உடம்பில் டீக்கறை மாதிரி பழுப்புத் திட்டுகள் உண்டு. வயிற்றில், முதுகில், தொடையில். வளர வளர அவையும் பெரிதாயின. பாவாவின் உடம்பிலும் அதே திட்டுகள். அவருக்கு அதோடு முதுகிலும் கையிலும் மெத்து மெத்தென்று சின்னச் சின்னக் கட்டிகள். கேட்டதற்கு, தறிச் சூட்டில் வந்த கொழுப்புக் கட்டி என்றார். பிள்ளையின் திட்டைப் பற்றி அத்தையிடம் கேட்டபோது அத்தை சிரித்தாள்.

"அப்பன் மச்சம் பொண்ணுக்கு வந்தா அவ்ளோ ராசிடி. வெளில போய் சொல்லிகினு இருக்காத, கண்ணு பட்டுடும்."

நானும் நம்பினேன். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அந்தத் திட்டுகளை ஆசையாகத் தடவிவிட்டிருக்கிறேன்.

கை மோசமானதும் திருத்தணி மலைக்குப் போய் வேண்டிக்கொண்டேன். "முருகா, என் பிள்ளைக்கு என்ன என்று காட்டிக்கொடு. அவள் கையை எனக்குத் திருப்பிக் கொடு. ஆடிக் கிருத்திகைக்கு அவள் அப்பா உனக்குப் பூக்காவடி எடுப்பார்." வீட்டுக்கு வந்து சொன்னதும் பாவாவின் முகம் செத்துவிட்டது. காவடி எடுக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் சட்டை போட மாட்டார்கள். பொய்கையில் முழுக்குப் போட்டு, மஞ்சள் வேட்டியைக் கட்டி, வெறும் உடம்போடுதான் மலையேற வேண்டும். அவரோ வீட்டில்கூட பனியனைக் கழற்றாத மனிதர். நான் அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

"என்னைக் கேக்காம எதுக்கு வேண்டிக்கினே?" என்று எரிந்து விழுந்தார். முதல் வருடம் தறி ஆர்டர் என்று தட்டிக் கழித்தார். அந்த வருடம் முழுக்கப் பிள்ளையின் கை இன்னும் இளைத்தது. அடுத்த ஆடி வந்தது. உடம்பில் கட்டி இருக்கிறவன் காவடி எடுத்தால் தீட்டு என்று அத்தை புதிதாக ஒரு சட்டம் கண்டுபிடித்தாள். அதற்குப் பதில் உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டிவிட்டு வரலாம் என்றாள். நான் விடவில்லை. நீங்கள் எடுக்காவிட்டால் நானே எடுக்கிறேன், ஊர் சிரிக்கட்டும் என்றேன். அதற்குப் பயந்துதான் ஒத்துக்கொண்டார்.

கிருத்திகை அன்று திருத்தணியில் கால் வைக்க இடமில்லை. அரோகரா சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. பாவா சட்டையைக் கழற்றிக் காவடியைத் தோளில் வைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவரவர் வேண்டுதலில் இருந்தார்கள். தேவிகா சின்னப் பால்குடம் எடுத்துக்கொண்டாள். எனக்கு மனசு குளிர்ந்திருந்தது.

பாதிப் படி ஏறுவதற்குள் அவள் கை வழுக்கியது. குடம் விழுந்து பால் முழுக்கப் படியில் ஓடியது. அதில் வழுக்கி அவளும் விழுந்தாள். முழங்கை கிழிந்து ரத்தம். அபசகுனம் என்று பின்னால் வந்த யாரோ முணுமுணுத்தார்கள். என் உயிரே போனது. முருகனே என் பிள்ளையின் பாலை வேண்டாம் என்று தள்ளிவிட்டானே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் படிக்குப் பக்கத்திலேயே பக்தர்களுக்கு முதலுதவி செய்யப் பந்தல் போட்டிருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். பாவா காவடியைப் பந்தல் ஓரம் தாங்கி வைத்துவிட்டு வந்தார். அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். புண்ணைத் துடைத்தவர், கையை விடாமல் பிடித்துப் பார்த்தார். கட்டை விரல் பக்கம் சதை இல்லாமல் பள்ளமாக இருப்பதைத் தொட்டுக் காட்டினார். சட்டைக் கையை மேலே தூக்கினார். அக்குளில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். பிறகு நிமிர்ந்து பாவாவைப் பார்த்தார்.

"அப்பாவா நீங்க? கொஞ்சம் திரும்புங்க."

அவர் திரும்பினார். டாக்டர் அந்த முதுகைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"இது என்னன்னு இதுவரைக்கும் யாரும் உங்களுக்குச் சொல்லலியா?"

"சொன்னாங்கம்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னாங்க. புள்ளைங்களுக்கும் வரலாம்னு சொன்னாங்க."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

நரம்புகள் மேல் கட்டி வளர்கிற வியாதி, பரம்பரையாக வரும், சிலருக்குத் தோலோடு நிற்கும், சிலருக்கு உள்ளே வளர்ந்து நரம்பை அழுத்தும் என்று டாக்டர் விளக்கினார். கழுத்துக்குள் கட்டி இருக்கலாம், தள்ளிப்போடாமல் சென்னையில் ஸ்கேன் எடுங்கள் என்றார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்னாடியே என்ற வார்த்தையே மண்டைக்குள் ஓடியது.

"காவடிய முடிச்சுட்டு வந்து பேசிக்கலாம் அமுலு," என்றார் பாவா.

"நீயே முடிச்சுக்கோ பாவா. நான் வரல."

நான் மலையேறவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நைனாவுக்குப் போன் செய்தேன். அவராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நைனா சொன்னார்.

"அக்கா அழுதுச்சும்மா. வெளில சொன்னா அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்கன்னுச்சு. பையன் நல்லவன்தானே?"

அவருக்கும் தெரிந்திருக்கிறது. கணவன், அத்தை, பெற்ற அப்பன் எல்லோரும் சேர்ந்து என் கண்ணைக் கட்டிவிட்டார்கள். எந்த டாக்டரிடமும் அப்பாவுக்கும் இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளை கை இளைத்துக்கொண்டு வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து முருகனைத்தான் திட்டினேன். "காட்டிக்கொடு என்று கேட்டதற்கு இதையா காட்டினாய்? நீயும் இவர்களோடு கூட்டா?"

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து எலும்புக்குள்ளே கட்டி தண்டுவடத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள். உள்ளே அழைத்துப் போகும்போது தேவிகா, "கை வருமாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. தெரியவில்லை கண்ணு என்றேன்.

வெளியே உட்கார்ந்து நான் செய்த பிரார்த்தனையை உங்களிடம் மறைக்கமாட்டேன். "எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. உன் மேலும் இல்லை. ஆனாலும் வேறு யாரிடம் கேட்பேன்? அவள் கையைக் கொடு." அவ்வளவுதான். பாவா தூரத்தில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பெரிய டாக்டர் வெளியே வந்து சொன்னார். "நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கை மட்டும் இல்ல, நடையும் போயிருக்கும்."

அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது. அந்தக் காவடி இல்லாவிட்டால் அவர் சட்டையைக் கழற்றியிருக்கமாட்டார். குடம் விழாவிட்டால் நாங்கள் பந்தலுக்குப் போயிருக்கமாட்டோம். அபசகுனம் என்று நான் அழுத இடத்தில்தான் முருகன் என் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறான். ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் விழுந்து கும்பிட்டேன். திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

இந்த வியாதி போகவில்லை. போகாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணையும் முதுகையும் அவ்வப்போது காட்ட வேண்டும். ஒரு விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. பயிற்சி செய்து செய்து இப்போது எழுதுகிறாள். தட்டில் இருப்பதைத் தானே பிசைந்து தின்கிறாள். அத்தையோடு நான் பேசுவதில்லை. நைனா வந்தால் காபி கொடுப்பேன், பக்கத்தில் உட்காரமாட்டேன். பாவாவோடு ஒரே வீட்டில் இருந்தாலும் பிள்ளை விஷயம் தவிர வேறு பேச்சு கிடையாது. அவரை முருகன் மன்னித்திருக்கலாம். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

இந்த ஆடிக்கு நன்றிக்காவடி எடுக்கக் கிளம்பினோம். அடிவாரத்தில் பாவா சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். தேவிகா அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"நான் பெரிசாகி யாரையாச்சும் கட்டிகினா இதைச் சொல்லணுமாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் பாவா அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"ஆங், சொல்லணும் கண்ணு. மொதல் பேச்சே அதுவாத்தான் இருக்கணும். நான் உங்கம்மாகிட்ட சொல்லல. பயந்துகினு மறைச்சுட்டேன். என்னால உன் கையே போவப் பாத்துச்சு."

ஒரு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, மகளிடம் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை அடங்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. காவடியை ஒரு கை பிடித்து அவர் தோளில் ஏற்றிவிட்டேன்.

தணிகைமலையானிடம் கேளுங்கள், கேட்டதைக் கொடுப்பான். பிள்ளை உடம்பில் டீக்கறைத் திட்டு நிறைய இருந்தால் ராசி என்று சும்மா இருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் குடும்பத்தில் இருக்கிற வியாதியை மருமகளாக வரப்போகிறவளிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அவளும் முருகனுடைய பிள்ளைதான்.