இறுக்காமல் புறப்பட்ட காலை

அந்த ஸ்பேனரின் வாய் தேய்ந்து அகன்றுவிட்டது. பிடி நழுவாமலிருக்க உள்ளே டின்மீன் டப்பாவிலிருந்து வெட்டிய தகரத் துண்டொன்றை மடித்துச் செருகியிருந்தார் டிரைவர் அண்ணன். அந்தத் தகரம் துருப்பிடித்து ஸ்பேனரோடு ஒட்டிப்போயிருக்கிறது. இப்போது அது என் பெட்டியில் கிடக்கிறது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவருக்கு நான் கிளீனராக இருந்தேன். எங்கள் டிவிசனுக்கு ஒரே ஒரு பழைய டிராக்டர். பால் பீப்பாய்களை ஃபெக்டரிக்கு இழுப்பதும், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், பிணத்தை ஏற்றி வருவதும் அதுதான். அதன் இஞ்சினுக்கு அடியில் ஒயில் வடித்துவிடும் போல்ட்டின் புரி தேய்ந்திருந்தது. கொஞ்சம் குறைத்து இறுக்கினால் ஒயில் ஒழுகும். கொஞ்சம் கூடினால் புரியே சுற்றிப்போகும். புது போல்ட்டு கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். எங்கள் ஆட்களுக்கு ஓட்டை என்று எதைக் கண்டாலும் கை ரப்பர் பாலுக்குத்தான் போகும். வாளி, கூரைத் தகரம், செருப்பு எல்லாவற்றையும் அதைக் கொண்டே அடைப்போம். அண்ணனும் பாலைத் தடவி உறையவைத்துப் போல்ட்டை ஏற்றினார். குளிரில் அது கல்லாய்ப் பிடித்துக்கொள்ளும். இஞ்சின் சூடேறினால் இளகிப் பிசினாகிவிடும். அதனால் தினமும் காலையில் பழைய பிசினைச் சுரண்டி, புதுப் பால் தடவி, திரும்ப இறுக்கிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் டிராக்டர் கொட்டகையைத் தாண்டும்போது அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரியும். "என்னாண்ணே, பொண்டாட்டி கால்ல விழுறதவிட டிரெக்டர் கால்ல விழுறது கூடிப்போச்சு?" என்பாள் ஒருத்தி. அவர்களோடு வரும் அண்ணி விடமாட்டார். "அது ஒயில ஒழுக்கிட்டு சும்மா கெடக்கும். நான் ஏசுவேன்ல," என்பார். அடியிலிருந்து அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

அந்தக் காலையில் பெரட்டுக்கு வரும் குறுக்குப் பாதையில் அண்ணியை விரியன் பாம்பு கடித்தது. இன்னும் சரியாக விடியவில்லை. அண்ணன் அவரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தார். அண்ணியின் கணுக்கால் அதற்குள் வீங்கியிருந்தது. டிரெய்லரில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம். நான் ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். "நேரமில்லடா, ஏறு," என்றார்.

முதல் மேட்டை வண்டி ஏறியது. இரண்டாவது மேட்டில் கருகல் நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்தேன், பாதை நெடுகக் கறுப்பாக ஒரு கோடு எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் கத்துவதற்குள் இஞ்சின் ஒரு தரம் இடித்து நின்றுவிட்டது. அதன் பிறகு அந்த மலையில் எந்தச் சத்தமும் இல்லை. "என்னாங்க, நின்னுருச்சா?" என்று அண்ணி கேட்டது மட்டும் கேட்டது.

சாக்கைத் தொட்டில்போலப் பிடித்துப் பெரிய ரோட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தோம். வாழைக்குலை ஏற்றி வந்த ஒரு சிங்களவர் வேனை நிறுத்தி, குலைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு, "இக்மனட்ட நகின்ன" என்று எங்களை அவசரப்படுத்தி ஏற்றிக்கொண்டார். அண்ணி மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அண்ணன் கேட்டதற்கு டாக்டர், "அதை எப்படிச் சொல்ல முடியும்?" என்றாராம். 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அண்ணன் எப்படியாவது தேறியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிறகு இஞ்சினைப் பிரித்துச் செய்தார்கள். புது போல்ட்டும் வந்தது. ஒரு தரம் இறுக்கினால் போதும், திரும்பப் பார்க்கவே வேண்டாம். ஆனாலும் அண்ணன் தினமும் அடியில் படுத்து அதன்மேல் ஸ்பேனரை வைத்துப் பார்ப்பார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கொட்டகையைத் தாண்டிப் போவார்கள். எப்போதாவது இருந்தாற்போல என்னிடம் கேட்பார்: "அன்னைக்கு இறுக்கிட்டுப் போயிருந்தா நேரம் போயிருக்கும்ல தம்பி?" நான் "ஆமாண்ணே, நேரம் போயிருக்கும்," என்பேன். அவரும் தலையாட்டுவார். பிறகு ஏதாவது ஒரு வேலையில் குனிந்துகொள்வார். கடைசியாக அவர் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோதும் கேட்டார். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

இப்போது அந்த டிராக்டரை நான்தான் ஓட்டுகிறேன். காலையில் மனைவி கொடுத்த பிளேன்டீயை மட்கார்டின்மேல் வைத்துவிட்டு, அந்த ஸ்பேனரோடு அடியில் படுப்பேன். தேவையில்லாத வேலைதான். போல்ட்டைத் துடைத்து, ஸ்பேனரை மாட்டி, கை வலிக்க ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வருவேன்.

இன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு தேநீரை எடுத்து வாயில் வைத்தேன். இன்னும் ஆறவேயில்லை, நாக்கு சுட்டது.