உயிரோடிருப்பவர்க்கு ஒரு கும்பிடு

மால்-சூன் அக்காவின் வாய்க்குக் கொரியாவின் மொக்போ துறைமுக மீன் சந்தையே பயப்படும். கருவாட்டைக் குறை சொன்னவர்களை, "அப்ப நீங்களே கடலுக்குப் போய்ப் புடிச்சு, காயவச்சுத் தின்னுங்க" என்று விரட்டுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் மகனிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் கடைசிவரை வாய் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரி நான், பார்த்துப் பார்த்து எரிந்துபோனேன்.

முதல் புருஷன் கடலோடு போனபோது அவள் கையில் பால்குடிக்கிற பெண் குழந்தை. "அங்கயாவது வயிறு நெறையும்" என்று சொல்லி அவள் அண்ணன்காரன் அதை டென்மார்க்குக்குத் தத்துக் கொடுத்துவிட்டான். பிறகு மறுகல்யாணம் நடந்தது, தே-ஷிக் பிறந்தான். தனக்கு ஓர் அக்கா இருப்பது அவனுக்குத் தெரியாது.

அந்த அக்காதான் பிர்கிட். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் தாயைத் தேடிக் கண்டுபிடித்தாள். அதன்பின் கோடைதோறும் வந்து, வாடிக்கைக்காரியைப் போலக் கடை முன்னால் நிற்பாள். மகன் தலை தெரிந்தால் போதும், மால்-சூன் அக்கா அவசரமாகக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி அவள் கையில் திணிப்பாள்.

பிர்கிட் கேட்டது ஒன்றுதான். புத்தாண்டன்று பிள்ளைகள் பெற்றவர்களை உட்காரவைத்து விழுந்து கும்பிடுவார்களே, அதை எல்லார் முன்னிலையிலும் மகளாக ஒரு தடவை செய்ய வேண்டும். டென்மார்க்கிலேயே பழகியிருந்தாள். எனக்கும் செய்து காட்டினாள். எழும்போது முழங்கால் தடுமாறியது.

"இந்த வருஷம் வேண்டாம்டி. பேரனோட காலேஜ் பரீட்சை முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அக்கா. அடுத்த வருஷம் மகனுக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. அதற்கடுத்த வருஷம் அக்காவே இல்லை.

நான்தான் பிர்கிட்டுக்குத் தகவல் சொன்னேன். பறந்து வந்தாள். இறுதிச் சடங்கு மண்டபத்தில் தே-ஷிக் கையில் துக்கப்பட்டையோடு நின்றிருந்தான். "அம்மாவோட வெளிநாட்டு வாடிக்கைக்காரங்க" என்று மனைவியிடம் சொல்லி அவளை உள்ளே அழைத்தான். அவள் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். ஒரே தடவை. எழுந்து நின்றுவிட்டாள்.

"செத்தவங்களுக்கு ரெண்டு தடவைங்க" என்றான் அவன், பணிவாக.

"மூஞ்சி மட்டுந்தான் நம்ம மூஞ்சி. வேற என்ன தெரியும் இதுக்கு!" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"தெரியும்" என்றாள் பிர்கிட், வகுப்பில் படித்த கொரிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக. "இது உயிரோட இருக்கறவங்களுக்குப் பண்றது. என்னைப் பெத்த அம்மாவுக்கு. பண்ணலாம்னு வாக்குக் குடுத்திருந்தாங்க."

தே-ஷிக் என்னைப் பார்த்தான்.

"ஆமாண்டா, உன் அக்காதான். உங்கம்மா வாய்க்குள்ளயே வச்சிட்டுப் போயிட்டா. மகளுங்க வைக்கிற வெள்ளை நாடாவை அவ தலையில வச்சு, உன் பக்கத்துல நிக்க வை" என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. வரிசையில் நின்ற தன் அலுவலக ஆட்களை ஒருமுறை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப வேண்டாம், சின்னம்மா. எல்லாம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

அவனை அறைய எனக்குக் கை துடித்தது. பிர்கிட் அந்தக் கையைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போய், துக்கத்துக்கு வந்த வெளியாட்களுக்கான பந்தியில் உட்கார்ந்தாள். மாட்டிறைச்சிக் குழம்பும் சோறும் வைத்தார்கள். கரண்டியை எடுத்தவள் அப்படியே கீழே வைத்தாள்.

"அம்மா பேசற மாதிரியே பேசறான், சின்னம்மா" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.