பகலில் தூங்க ஒரு வீடு: ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம்

சென்ற புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் காஞ்சிபுரம் போனேன். கோயிலுக்கு அல்ல. மாரிச்செல்விக்கு வீடு பார்க்க.

வடக்குப்பட்டில் நாங்கள் இருவரும் ஒரே வாடகை அறை. ஒரே தொழிற்சாலை. அவள் திருநெல்வேலிப் பக்கம். லைனில் நிரந்தர வேலை. நான் எம்.ஏ. படித்தவள், அலுவலகத்தில் ஒப்பந்தம். வங்கி அவளுக்குக் கடன் தரும். எனக்குத் தராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தாள். ஒரகடம் கூட்டுரோட்டில் காலை 7.10க்குப் பேருந்து, வாலாஜாபாத் வழி. முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். ஜன்னலோரமும் அவளுக்குத்தான் கிடைத்தது.

அவள் வீடு பார்க்கும் முறை தனி. வாசல் எந்தத் திசை என்று கேட்பதில்லை. கூடத்தில் துப்பட்டாவை விரித்துப் படுத்துவிடுவாள். வாரம் விட்டு வாரம் பகலில்தான் தூக்கம். பகலில் தூங்க முடியாத வீடு அவளுக்கு எதற்கு? நான் விழித்திருந்து, என்னென்ன சத்தம் வந்தது என்று சொல்ல வேண்டும்.

சின்ன காஞ்சிபுரம், 9.00. கோயில் பின்தெரு. ஒலிபெருக்கி. பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள். பிள்ளையார்பாளையம், 10.15. சுவருக்கு அந்தப் பக்கம் தறி. அங்கும் தூக்கம் வரவில்லை. எனக்கு உள்ளூர நிம்மதி. பல்லவர் தலைநகரில் இவளுக்கு இடமில்லை என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். வாக்கியம் நன்றாகவே இருந்தது.

"இன்னா பாப்பா, வூடு பாக்க வந்தியா, ரெஸ்ட் எடுக்க வந்தியா?" என்றார் தரகர் ஏழுமலை.

"காசையும் குடுத்துட்டு முழிச்சிக்கிட்டுக் கெடக்கவா அண்ணே?"

மூன்றாவது ஓரிக்கை. ஆட்டோ நூற்றைம்பது. இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை. 11.40க்குப் படுத்தாள். உடனே தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்து. நாற்பது நிமிடம். நான் வாசற்படியில். ஒரு சைக்கிள் கூடப் போகவில்லை. என் புத்தகங்களை எந்தச் சுவரோரம் அடுக்கலாம் என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

எழுந்ததும் கேட்டாள்: "ஏட்டி, என்ன சத்தம் கேட்டுச்சு?"

"பக்கத்துல ஏதோ மெஷின். விடாம ஓடுச்சு."

அவள் முகம் மலர்ந்தது. "அந்தச் சத்தத்துலயுமா தூங்குனேன்? அப்ப இதாம்ட்டி என் வீடு!"

உடனே ஏழுமலையிடம் திரும்பினாள். "அண்ணே, மெஷின் சத்தம் இருக்காம்லா. வெலையக் கொறைக்கச் சொல்லுங்க."

"இன்னா மெஷினு? அந்தாண்ட காலி மனை. இந்தாண்ட வூடு ஒரு வருசமா பூட்டிக் கீது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் முருங்கையைப் பார்த்தேன்.

வீட்டை முடிவு செய்துவிட்டாள். திரும்பும் பேருந்து 2.05. வாலாஜாபாத் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்: "நீ வீடு பாக்கும்போது என்னையக் கூட்டிட்டுப் போ. நான் முழிச்சிருந்து கேட்டுச் சொல்லுதேன்."

கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

காஞ்சியில் வீடு தேடுகிறவர்களுக்கு: வேலை நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை தெருக்கள் ஏமாற்றும். மனை கோயிலுக்குச் சொந்தமா என்று முதலில் விசாரியுங்கள். துணைக்கு யார் வருகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். ஓரிக்கை வீட்டில் 11.40 முதல் 12.20 வரை எந்தச் சத்தமும் இல்லை. இதை அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.