அண்ணருக்கு நான் வாசித்துக் கொடுத்த கடிதங்கள்

எங்கள் அண்ணர் இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அடுப்படிக் குசினிக்குள் போய்விடுவேன் என்பது இங்கே மெல்பேண் நோபல் பார்க்கில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்குக் கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

அண்ணர் வடமராட்சியில், கடல் இரைச்சல் கேட்கும் ஒரு சிறு வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா எங்கள் சிறு வயதிலேயே தவறிப்போய்விட்டார். அண்ணர் மிசன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படித்தார். அவர் படிக்க வேண்டும் என்றுதான் என் படிப்பை நிறுத்தினார்கள். பிறகு அவர் கப்பலேறி மலாயாவுக்குப் போய் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் ஆனார். அண்ணி பிள்ளைப்பேற்றோடு கண்ணை மூடியபோது, குழந்தையை வளர்க்க என்னையும் அங்கே அழைப்பித்தார். அந்தக் குழந்தைதான் இந்த மலரை வெளியிடும் என் மருமகன்.

அண்ணரிடம் குடியில்லை, கைலஞ்சம் இல்லை. யப்பான்காரன் காலத்தில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மரவள்ளி நட்டார். தன் கோப்பையில் இருந்த கிழங்கை எங்கள் கோப்பையில் போட்டுவிட்டு, பசியில்லை என்பார். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர் திரும்பி வந்ததும் அண்ணரைச் சயாம் எல்லையோரத்துச் சிறு பட்டணம் ஒன்றுக்கு மாற்றினார்கள். சுற்றிவர றப்பர்த் தோட்டம், அதற்கப்பால் காடு, காட்டுக்கப்பால் சயாம். காட்டுக்குள் வெள்ளைக்காரரை எதிர்த்த ஆட்கள் துவக்கும் தோட்டாவுமாகத் திரிந்தார்கள். தோட்டத்தில் எங்கள் தமிழ்ச் சனம் வேலையை நிறுத்தப் பார்த்தது. யார் யாரோடு சேருகிறார்கள், எங்கே கலகம் வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்குத் தனிக் கந்தோர் கொடுத்திருந்தார்கள். அண்ணர் அவருக்குக் கீழே வேலை செய்தார்.

ஒரு நாள் பின்னேரம் அண்ணர் ஒரு கட்டுக் கடிதத்தோடு வந்தார்.

"பிள்ளை, இதுகளை ஒருக்கால் வாசி பாப்பம். விலாசம் பிழைச்ச கடிதங்கள். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பாத்தால்தான் ஆருக்குப் போறதெண்டு தெரியும்."

அண்ணருக்கு அச்சுத் தமிழ்தான் ஓடும். தோட்டத்துச் சனம் பென்சிலால் புள்ளியில்லாமல் இழுத்து எழுதுவது அவருக்குப் பிடிபடாது. எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நான் சத்தமாக வாசிப்பேன், அவர் இங்கிலீசில் எழுதுவார். "உனக்கு முன்னால நான் மொக்கன்" என்று சிரிப்பார். பெரிய படிப்புக்காரர் அப்படிச் சொன்னதில் எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த கட்டு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒன்று, றப்பர்ப் பால் வெட்டும் இராமையா வேறு தோட்டத்தில் இருந்த தம்பிக்கு எழுதியது. "எங்க தொரைக்குத் தொப்பை பெருத்துப் போச்சு. நாம ஒரு மாசம் பால் வெட்டாம இருந்தா வத்திரும். உங்க லயத்துலயும் சொல்லி வை" என்று இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

சில கிழமைகள் கழித்து இராமையாவின் மனைவி பேச்சியம்மா பின் வாசலில் வந்து நின்றார். இராமையாவைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்களாம்.

"அம்மா, தொரை எங்க வீட்டுக்காரக முன்னால நின்னு வயித்தத் தட்டிக் காட்டி, 'ஒரு மாசத்துல வத்திருமாடா'ன்னு கேட்டாராம். அது தம்பிக்கு எழுதுன காயிதத்துல உள்ள பேச்சும்மா! எவ வாசிச்சுச் சொன்னாளோ, எவன் சொன்னானோ, அந்த வாய் புழுத்துப் போகும்."

நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.  

"இவுகளுக்கு நாலு வரி எழுதித் தாங்கம்மா" என்றார். எழுதினேன். சின்னவளுக்குப் பல் முளைத்ததை, ஆடு குட்டி போட்டதை, என்னையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றதை, அவர் சொன்னபடியே எழுதினேன். அவர் கொண்டுவந்த விலாசத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினேன்.

மூன்றாம் நாள் அண்ணர் கொண்டுவந்த கட்டில் அந்தக் கடிதம் மேலே கிடந்தது. உறை பிரித்திருந்தது.

"அண்ணை, இது என்ரை எழுத்து. இதில விலாசம் எங்கை பிழை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சத்தம் போடாதை. நீ வாசிக்காட்டில் இன்னொருத்தன் வாசிப்பான்."

"அப்ப அவனைக் கூப்பிடுங்கோ."

"நாங்கள் மூண்டு பேரும் தின்னுற சோறு இது, பிள்ளை."

"சோறெண்டு சொல்லியிருந்தால் நான் பட்டினி கிடந்திருப்பன். விலாசமெண்டு ஏன் சொன்னியள்?"

அவர் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்குப் பிறகு ஒரு கடிதமும் நான் வாசிக்கவில்லை. ஆனால் பேச்சியம்மாவிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. மறுமொழி வந்ததோ என்று இரண்டு தரம் கேட்டு வந்தார். இல்லை என்றேன். பிறகு நான் விசாரித்தபோது அவர்களுடைய லயத்து அறையில் வேறு குடும்பம் இருந்தது.

அவுஸ்திரேலியா வெள்ளையரல்லாத எங்களைப் போன்றவருக்கும் கதவு திறந்ததும் மருமகன் மெல்பேணுக்கு வேலைக்கு வந்தார். பிறகு எங்கள் இருவரையும் அழைப்பித்தார். அந்த வெள்ளைக்கார அதிகாரி கொடுத்த நற்சான்றுப் பத்திரமும் எங்களோடு வந்து விறாந்தைச் சுவரில் ஏறியது. அண்ணர் நம்பிக்கையான ஊழியராம். அதை இந்த மலரின் முதல் பக்கத்தில் போடப்போவதாக மருமகன் சொன்னபோதுதான் நான் பேனையை எடுத்தேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"விடுங்கோ மாமி. அப்பா போயிட்டார். சனம் என்ன சொல்லும்?"

"பத்திரத்தைப் பாத்து என்ன சொல்லுமோ, அதுக்குத்தான் இது மறுமொழி."

"அப்பா நல்லவர், மாமி."

"ஓம். நல்லவரைத்தான் வெள்ளைக்காரர் இப்பிடி வேலைக்குப் பிடிப்பாங்கள். அவர் ஒரு கள்ளனெண்டால் நான் வாசிச்சுக் குடுத்திருப்பனே?"

மருமகன் நான் எழுதியதை வாங்கித் தானும் ஒருக்கால் வாசித்தார். பிறகு, "அப்ப ரெண்டையும் போடுவம்" என்றார். நான் வளர்த்த பிள்ளை.

அண்ணர் கடைசி நாட்களில் பாரிசவாதத்தோடு டண்டினொங் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாக்கு இருந்திருந்து ஒரு சொல் சொல்லும். தண்ணீர் கேட்டார். அண்ணியின் பெயரைச் சொன்னார். என் கையைப் பிடித்திருந்தார். இராமையா என்ற பெயர் வரும் என்று பதினொரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால் என் கோபம் பாதியாகியிருக்கும்.

அண்ணரைப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், சிட்னியிலிருந்து காரோட்டி வந்தவர்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கறி கொண்டுவந்து தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லுகிறது. அண்ணருடைய ஆத்மா ஆறுதல் அடைய நீங்கள் எல்லோரும் கும்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சியம்மா, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இதைக் காண்பீர்களோ தெரியாது. உங்கள் வீட்டுக்காரரின் கடிதத்தை வாசித்தவள் நான். உங்களிடம் மட்டும் அந்தக் கும்பிடைக் கேட்கமாட்டேன்.

தங்கை
நோபல் பார்க், மெல்பேண்