காமிராவுக்குத் தைத்த சடை

எனக்கு எந்த வேலையும் வராது என்று யாரும் சொன்னதில்லை. எல்லாம் வரும் என்பதுதான் என் சங்கடம். கொக்கி ஊசியில் லேஸ் பின்னுவேன். பாசிமணியில் கிளி கோத்துக் கண்ணாடிச் சட்டம் போடுவேன். தையல் மிஷின் ஓட்டுவேன். குளத்து நெட்டியின் வெள்ளைத் தண்டைச் சீவிப் பூச் செய்வேன். புள்ளிக் கோலம் புதிது புதிதாகப் போடுவேன். ஆர்மோனியத்தில் ஆறேழு பாட்டு வாசிப்பேன். ஒன்றில் கை திருந்தியதும் மனசு அடுத்ததுக்குத் தாவிவிடும். என் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் முக்கால் முடிந்த சாமான்கள்தான் கிடக்கும்.

கணவர் காலமானபின் ஏழு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மல்லேஸ்வரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் சமஸ்தான உத்தியோகத்தில் குமாஸ்தா. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் என் கிளியையோ லேஸையோ பார்த்து "அழகா இருக்குதே" என்று சொல்லிவிட்டால் போதும், உடனே எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

"எங்க நாத்தனார் செஞ்சது. சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யறா. எடுத்துக்கோங்க."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது போலத்தான். அவள் வீட்டுச் சோறுதானே சாப்பிடுகிறேன் என்று இருந்துவிடுவேன். உள்ளுக்குள் எரியும்.

இப்படி ஐந்து வருஷம் போனது. அந்த வருஷம் நவராத்திரி முடிந்த கையோடு அண்ணனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மலைநாட்டுப் பக்கம் ஒரு தாலுக்கா ஊர். அவர் முதலில் தனியாகப் போய்ச் சேர்வது, பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லாரும் போவது என்று ஏற்பாடு. அந்த ஊரில் பெண்களுக்கு ஹைஸ்கூல் கிடையாது. என் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வகுப்பில் முதலாவதாக வருகிறவள். அங்கே போனால் படிப்பு நின்றுவிடும், அடுத்த வருஷமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பதினான்கில் அப்படித்தான் நடந்தது.

நானும் பெண்ணும் இங்கேயே இருந்துகொள்கிறோம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அதுவே அதிசயம்.

"எதை வெச்சும்மா நிப்ப? பரீட்சைக்குள்ள வாடகைக்கும் ஸ்கூல் சம்பளத்துக்கும் ஒரு வழி காட்டு. காட்டினா மனசார விட்டுட்டுப் போறேன். இல்லன்னா ரெண்டு பேரும் பெட்டியக் கட்டணும்."

"அவளுக்குத் தெரியாத வேலையா? ஒண்ணுல நிக்கமாட்டா, அதுதான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்றாள் அண்ணி. சொன்னது நியாயம் என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

முதலில் லேஸை எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். மடத்துக் கன்னியாஸ்திரீகளிடம் கற்ற பெண்கள் பின்னியது என்று ஒரு லேஸ் சுருளை எடுத்துக் காட்டினார் கடைக்காரர். என்னுடையதைவிட நேர்த்தி, விலையும் குறைவு. என்னுடையதை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அடுத்து ரவிக்கை தைத்தேன். நாலு வீட்டார் துணி கொடுத்தார்கள். சாதாரணக் கை வையுங்கள் என்று ஒருத்தி சொன்னதை நான் காதில் வாங்காமல், அவள் தோளுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றிய உப்பலான புட்டாக் கையைத் தைத்துவிட்டேன். அவள் வாசலில் நின்று கத்தினாள். "உங்களுக்கு ரசனை இல்லை" என்று நானும் கத்தினேன். அதோடு ரவிக்கை வியாபாரமும் முடிந்தது. பாசிமணிக் கிளிகளை விலைக்கு என்று சொன்னபோது தெருவே சிரித்தது. ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் அண்ணி தானம் செய்த கிளி ஒன்று ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

மார்கழியில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். அவர் கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார், மரியாதைக்குச் சொல்லும் கன்னட 'ரீ' மட்டும் கூடவே வரும். அவருடைய மருமகளுக்குத் தையில் சீமந்தம். அதற்குப் பூத்தைத்த சடை வேண்டும். பின்னலின் மேல் உச்சியிலிருந்து நுனிவரை மல்லிகை மொட்டை வரிசை வரிசையாகத் தைப்பார்களே, அது. அந்தச் சடையோடு போட்டோ எடுத்துக்கொள்ளாத பெண் இந்த ஊரில் குறைவு. ஆனால் குளிர் மாதத்தில் மல்லிகை மொட்டு ஏது?

"கொலுவுல உங்க பொம்மைக்கு ஒரு ஜடை போட்டிருந்தீங்கல்ல? நான் நிஜ மொக்குன்னே நெனச்சேன் ரீ. அதே மாதிரி பெருசா ஆகுமா?"

அது நெட்டியில் நான் செய்த ஒரு சாண் சடை. ஆகும் என்றேன். பழக்க தோஷம், சும்மாவே செய்து தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. என் நெற்றியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"சும்மா வேண்டாம் ரீ. தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா வாங்கினா அது நீங்க குடுத்த பூ ஆகிடும். துட்டுக் குடுத்தா கடைச் சாமான். கடையில வாங்கறப்ப யார் கை செஞ்சதுன்னு யாரு கேக்கறாங்க?"

தாலியறுத்தவள் கையால் சுமங்கலிக்குப் பூ ஆகாது. அது எனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டபோது சுருக்கென்றது. அவர் போனபின் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகத் துலக்கினேன். துலக்கி முடிக்கும்போது ஒன்று தோன்றியது. இத்தனை வருஷம் சும்மா வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் என் கையைப் பார்க்கவில்லை. முதன்முதலாகப் பார்த்தவர்தான் விலை கேட்கிறார். சரி, கொடுக்கட்டும்.

பேட்டைக் கடைத்தெருவில் நெட்டி வாங்கி வந்தேன். கெட்டித் துணியை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வெட்டி, உள்ளே மெல்லிய அட்டை வைத்து மிஷினில் தைத்தேன். கோலப் புள்ளி வைப்பது போல மொட்டுகளுக்குப் புள்ளி வைத்தேன். ஓரத்துக்கு லேஸ், இடையிடையே பாசிமணி. நடுவில் மூன்று இடத்தில் நெட்டித் தாமரை, குங்குமச் சிவப்பில் சாயம் தோய்த்தது. என் பைத்தியங்களில் ஆர்மோனியம் ஒன்றுதான் அதில் சேரவில்லை. பன்னிரண்டு நாள் வேறு எதன் மேலும் ஆசை போகவில்லை. அது எனக்கே புதிதாக இருந்தது.

சீமந்தத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். நான் போகவில்லை, போகக்கூடாது. மறுநாள் அந்தப் பெண்ணை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்னால் கண்ணாடி வைத்து, முகமும் சடையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டம்மாள் அந்தப் படத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தார். மொட்டெல்லாம் பளிச்சென்று இருந்தது. மூன்று தாமரையும் கரிக்கறுப்பு. பூச்சி அரித்த ஓட்டை மாதிரி நடு முதுகில் மூன்று.

"சீமந்தப் படத்துல கறுப்பு வரலாமா ரீ? வீட்டுல என்னைத்தான் பேசறாங்க. தெரிஞ்சே அந்தக் கையில வாங்கினியேன்னு."

அவர் கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அண்ணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இந்தப் பேச்சு தெருவில் பரவினால் இனி ஒரு வீட்டுப் படியிலும் நான் ஏற முடியாது.

படத்தைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். சம்பிகே ரோட்டில் ஒரு மாடி. நடத்தியவர் தமிழர். பெண்கள் வந்தால் அவர் மனைவியும் கூடவே நிற்பார். "என் சிவப்பை எப்படிக் கறுப்பாக்கினீர்கள்?" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் உள்ளிருந்து ஓடி வந்தார். ஸ்டூடியோக்காரரோ நிதானமாகச் சிரித்தார்.

"நான் ஆக்கலம்மா. காமிராவுக்குள்ள படம் விழற கண்ணாடிப் பிளேட்டோட கண்ணு அப்படி. அதுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாத்தான் காட்டும். நீலம் வெச்சீங்கன்னா வெள்ளையா வரும். அந்தச் சுவத்தப் பாருங்க."

சுவரில் பத்துப் பதினைந்து பெண்களின் படங்கள். கல்யாணப் பெண்கள், சீமந்தப் பெண்கள், பட்டு கட்டிய பெரிய வீட்டுப் பெண்மணிகள். அத்தனை பேர் நெற்றியிலும் குங்குமம் கறுப்பு.

திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அந்த அம்மாளின் கல்யாணப் படத்தைக் கழற்றச் சொன்னேன். வீட்டார் எல்லாரும் கூடி நின்றார்கள்.

"உங்க கல்யாணத்தன்னிக்கு என்ன கலர்ல குங்குமம் வெச்சீங்க?"

"இதென்ன கேள்வி? சிவப்புதான்."

"படத்துல?"

அவர் படத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாக அதே இடத்தில் தொங்கிய படம். கை தானாக நெற்றியைத் தொட்டது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததும் வீடே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சிவப்புத் தாமரைகளைப் பிய்த்துவிட்டு வான நீலத்தில் மூன்று வைத்தேன். மணியையும் நீலமாக மாற்றினேன். நேரில் பார்த்தால் அந்தச் சடை கூத்தாடி உடுப்பு மாதிரி இருந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மறுபடி எடுத்த படத்தில் முத்து பதித்தது போல வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மணப்பெண்ணுக்குச் சடை தைக்கவில்லை, காமிராவுக்குத் தைக்கிறேன். மணையில் உட்காரும்போது அவர்கள் எந்தப் பூவையும் வைத்துக்கொள்ளட்டும். அங்கே எனக்கு வேலையில்லை, அதனால் தோஷமும் இல்லை. பூக்காரிகளோடு போட்டியும் இல்லை. முகூர்த்தப் பூ வாடியபின் மறுநாள் படமெடுக்க வருகிறவர்கள் எந்த மாதத்திலும் உண்டு.

ஸ்டூடியோக்காரருக்கும் அது விளங்கியது. நாலு சடை செய்து தாருங்கள், வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன், வருவதில் பாதி உங்களுக்கு என்றார். அதற்கு வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாதிரிப் படம் ஒன்று வைக்க வேண்டும். அதில்தான் முட்டியது. தங்கள் வீட்டுப் பெண்ணின் படத்தைத் தெருவில் வைக்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? அவர் மனைவிக்கோ விஷக்காய்ச்சல் வந்து முடி கொட்டியிருந்தது.

"நீங்களே நில்லுங்கக்கா. முகம் எதுக்கு? முதுகு போதும்" என்றார் அந்த அம்மாள்.

முடியாது என்றேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

எல்லாம் கட்டி முடியும்வரை கணவரை அவர் வெளியே அனுப்பிவிட்டு என் தலையைப் பின்னி, சடையை வைத்துக் கட்டி, என் வெள்ளைப் புடவைமேல் தன் கல்யாணப் பட்டைப் போர்த்தினார். ஐந்து வருஷமாக என் தலையில் பூ ஏறவில்லை. இதுவும் பூ இல்லை, நெட்டிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம். காமிராவுக்கு முதுகைக் காட்டி நின்றபோது அழுதேன். அது பிளேட்டில் வரவில்லை.

பரீட்சை முடிந்த வாரம் வீட்டைக் காலி செய்ய வந்த அண்ணன் ஸ்டூடியோவுக்கும் வந்து, சடைக்கென்று ஆட்கள் வந்து போவதையும் வாடகை என் கைக்கு வருவதையும் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த என் முதுகைக் கடந்துதான் மாடி ஏறினார். "பரவால்லம்மா" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. பக்கத்து வீட்டம்மாள் பின்கட்டு அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தார். என் பெண் அதே பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்புக்குப் போனாள்.

நாலு வருஷம் கழித்து அண்ணி தன் பெண்ணின் கல்யாணத்துக்காக ஊரிலிருந்து வந்தாள். சடை பார்க்க முதலில் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றாள், நானும் கூடப் போனேன். என்னிடம் அப்போது பதினாறு தினுசுச் சடை இருந்தது. எதையும் அவள் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டாள்.

"இதே மாதிரிதான் வேணும். யாரு பெத்த பொண்ணோ, முதுகைப் பார்த்தாலே மகாலட்சுமி மாதிரி இருக்குது. நம்ம பொண்ணும் இப்படி நிக்கணும்."

நான் வாடகையைச் சொன்னேன்.

"என்கிட்டயே காசா?"

"காசு குடுத்தாதான் அண்ணி தோஷமில்ல."

அவள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். படத்தில் இருப்பது யார் என்று நான் சொல்லவில்லை. அவள் பெண்ணுக்கு அதே சடையைத்தான் கொடுத்தேன், நான் வைத்துக்கொண்ட அதே சடையை.